தோட்டத்துக்கு நாமளே வயர்லெஸ் நெட் இழுக்க முடியுமா? நிபோங் திபால் பக்கம், 40 வீடு

செம்பனைநிழல் (நிபோங் திபால்):

வணக்கம் எல்லாருக்கும். நெட்வொர்க் வேலை தெரிஞ்ச அண்ணன் அக்கா யாராச்சும் இருந்தா கொஞ்சம் வழி சொல்லுங்க.

நாங்க இருக்கிறது நிபோங் திபால்லேர்ந்து உள்ள போற ஒரு பழைய தோட்டம். சுத்தி செம்பனை, ஒரு பக்கம் மட்டும் பால்மரம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. லயத்து வீடு, மொத்தம் 40 குடும்பம், ஒரு மாரியம்மன் கோயில், பக்கத்துல சின்ன மண்டபம். ஃபைபர் கேட்டு எழுதிப் போட்டோம், உங்க ஏரியாவுல போர்ட் இல்லன்னு ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருது. போன் லைனும் வாசல்ல நின்னா ரெண்டு கோடு, உள்ள போனா ஒண்ணுமில்ல. 2021 கடைசியில 3ஜி நிறுத்துனதுக்கு அப்புறம் பழைய போன் வச்சிருந்த பெரியவங்களுக்கு இன்னும் மோசம். எம்சிஓ காலத்துல, அதான் கோவிட் ஊரடங்குல, பிள்ளைங்க பிடிபிஆர்ங்கிற வீட்டிலிருந்தே படிக்கிற வகுப்புக்கு மோட்டர்ல பின்னாடி உக்காந்து மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஸ்டாப்புல போனைப் பிடிச்சிக்கிட்டு படிச்சதை நான் கண்ணால பார்த்தேன், அப்பவே இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு நெனச்சது இன்னும் அப்படியே கிடக்கு, இப்ப படிவம் அஞ்சு முடிச்சு எஸ்பிஎம் பரீட்சை எடுக்கிற பிள்ளைங்களுக்கும் அதே கதைதான்.

இப்ப விஷயம் என்னன்னா, சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தாமான்ல (வீடமைப்புப் பகுதி) எங்க சொந்தக்காரர் மாமா வீடு இருக்கு, மேல மாடி, அங்க ஃபைபர் நல்லா வருது. மேப்புல அளந்தா எங்க தோட்டத்துக்கு நேர் கோட்டுல 3 கிலோமீட்டர்தான். அங்க ஒரு டிஷ், இங்க ஒரு டிஷ் வச்சு இழுத்து, மண்டபத்துலேர்ந்து எல்லா வீட்டுக்கும் பிரிச்சுக் குடுத்து, மாசம் ஆளுக்கு 20 இல்ல 30 வெள்ளி கொங்சி போட்டா நடக்குமா? நான் ஃபேக்டரியில டெக்னீஷியன், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், ஆனா நெட்வொர்க்குல ஆழமாத் தெரியாது. என்ன வாங்கணும், எதுல மாட்டிக்குவோம், சட்டம் என்ன சொல்லுது, தெரிஞ்சதைச் சொல்லுங்க. தோட்டத்துப் பெரியவங்ககிட்ட பேசுறதுக்கு முன்னாடி நான் தெளிவா இருக்கணும்.

கோபுரத்தான் (புக்கிட் மெர்த்தாஜாம்):

தம்பி, நடக்கும். 3 கிலோமீட்டர் ரேடியோவுக்கு ஒரு தூரமே இல்ல. தமிழ்நாட்டுல தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 2000களிலேயே சாதாரண வைஃபை கார்டை நீண்ட தூரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி சுத்துவட்டார ஊருல இருக்கிற கண் மையங்களோட வீடியோவுல நோயாளியைப் பார்த்தாங்க, பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆளுங்க கூட நின்னு செஞ்சது. 2007ல வெனிசுவேலாவுல ரெண்டு மலைக்கு நடுவுல 382 கிலோமீட்டர் வைஃபை இழுத்துக் காட்டினாங்க. அதனால தூரத்தை விடு. உனக்கு எதிரி செம்பனைதான்.

மேப்புல கோடு போட்டா மட்டும் பத்தாது, ரெண்டு டிஷ்ஷும் ஒண்ணை ஒண்ணு பார்க்கணும், அதுக்கும் மேல நடுவுல இடம் வேணும். அலை நூல் மாதிரி போகாது, நடுவுல வீங்கின வெள்ளரிக்காய் மாதிரி போகும். பிரெனல் ஸோன்னு சொல்வாங்க. 3 கிலோமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸ்னா சரியா நடுவுல அதோட ஆரம் 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அதுல 60 சதவீதமாவது, அதாவது நடுக்கோட்டுக்குக் கீழ ஒரு 4 மீட்டர், மரம் மட்டை எதுவும் இல்லாம இருக்கணும். செம்பனை 12 மீட்டர் நிக்குதுன்னா கோடு நடுவுல 16 மீட்டர் உயரத்துல போகணும். தாமான் வீட்டு மாடி எவ்வளவு உயரம் இருக்கும், 8 மீட்டர் இருக்குமா, அப்ப உன் பக்கம் எவ்வளவு தூக்கணும்னு நீயே கணக்குப் பண்ணிப் பாரு, மண்டபத்துக் கூரையில வச்சா வேலைக்காகாது.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், அந்த மரம் வளரும். வருஷத்துக்கு அரை மீட்டர் கிட்ட ஏறும். பிளாக் முனையில போர்டு இருக்கும் பாரு, நட்ட வருஷமும் எத்தனை ஹெக்டேர்னும் போட்டிருப்பாங்க, உன் லைன் எந்தெந்த பிளாக் மேல போகுதோ அந்த போர்டையெல்லாம் போய்ப் படி. 25 வருஷம் கிட்ட ஆன பிளாக்னா சீக்கிரம் வெட்டி மறுநடவு பண்ணுவாங்க, அப்ப உனக்கு பல வருஷத்துக்கு வெட்டவெளி. பத்து வருஷத்து மரம்னா இப்ப தெரியிற லைன் இன்னும் நாலஞ்சு வருஷத்துல மூடிடும். ரேடியோ வாங்குறதுக்கு முன்னாடி தோட்ட ஆபீஸ் கிராணிகிட்ட (குமாஸ்தா) போய் மறுநடவு எப்பன்னு கேளு, அந்த ஒரு பதில் எந்த ஆண்டெனாவையும் விட உனக்கு உபயோகம்.

அப்புறம் நீ பால்மரம்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. கூலிம் பக்கம் ஒரு தோட்டத்துல பிப்ரவரி மாசம் லிங்க் போட்டாங்க, அருமையா ஓடுச்சு, ஏப்ரல்ல செத்துப் போச்சு. ரேடியோ கெட்டுப் போச்சுன்னு மாத்திக்கூட பார்த்தாங்க. ரேடியோவுல ஒண்ணுமில்ல, பால்மரம் வருஷ ஆரம்பத்துல இலை உதுத்துடும், அந்த நேரம் பார்த்து சோதனை பண்ணியிருக்காங்க, புது இலை வந்ததும் நடுவுல சுவர் எழுப்பின கதை. ஈரமான இலை 5 கிகாஹெர்ட்ஸை அப்படியே குடிச்சிடும். அதனால உன் லைன் பால்மரத்துப் பக்கம் போகுதுன்னா இலை நல்லா இருக்கும்போது, மழை பெஞ்சு முடிஞ்ச கையோட பாரு. மழைன்னதும் பயப்படாத, மழைத்துளி இந்த அலைவரிசையை அவ்வளவா ஒண்ணும் பண்ணாது, 60 கிகாஹெர்ட்ஸ் சாமான்தான் நம்ம ஊரு மழையில விழும், அதை யாராச்சும் வேகமா போகும்னு விக்க வந்தா 3 கிலோமீட்டருக்கு வாங்காத.

சாமான் கணக்கு: 23 டிபிஐ டிஷ் ரெண்டு (டிபிஐன்னா டிஷ் அலையை ஒரே பக்கம் எவ்வளவு குவிக்குதுங்கிற அளவு), யூபிகுவிட்டி லைட்பீம் மாதிரி இல்ல மைக்ரோடிக்ல அதே ரகம். நம்ம நாட்டுல 5.8ல மொத்தம் 1 வாட் இஐஆர்பிதான் (ரேடியோ பவரும் டிஷ் குவிப்பும் சேர்ந்தது) அனுமதி, அதாவது 30 டிபிஎம், 23 டிபிஐ டிஷ்ஷுன்னா ரேடியோ பவரை 7க்கு இறக்கணும். கம்மியாச்சேன்னு தோணும், ஆனா கணக்குப் போட்டுப் பாரு, 3 கிலோமீட்டர்ல இழப்பு 117 டிபி, அந்தப் பக்கம் டிஷ் 23 திருப்பிக் குடுக்குது, கைக்கு வர்றது மைனஸ் 64. நல்ல சிக்னல் இது. 40 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல 150 எம்பிபிஎஸ் கிட்ட நம்பி எடுக்கலாம். டிஷ்ஷைத் திருப்பி வச்சுப் பார்த்து மைனஸ் 75, 80ன்னு நின்னா பவரை ஏத்தாத, டிஷ் நேர் அலையில இல்லாம பக்கவாட்டுல கசியிற ஓரத்து லோப்ல பூட்டியிருக்கு இல்லன்னா நடுவுல மரம். சிரிம் (தரச் சோதனை நிறுவனம்) சோதனை பண்ணி எம்சிஎம்சி (தொடர்பு பல்லூடக ஆணையம்) லேபல் ஒட்டின சாமானாப் பார்த்து வாங்கு. நாட்டை மலேசியான்னே செட் பண்ணு, வேற நாடு போட்டு பவர் ஏத்துறவங்க இருக்காங்க, பட்டர்வொர்த்ல விமானப்படைத் தளம் இருக்கிற மாநிலம் இது, ரேடார் அலைவரிசையில விளையாடக் கூடாது.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

கோபுரத்தான் அண்ணே சொன்னதுல தொழில்நுட்பம் எல்லாம் சரி, நான் சட்டத்தைச் சொல்றேன், ஏன்னா இதுலதான் ஆளுங்க கண்ணை மூடிக்கிட்டுப் போறாங்க.

1998ஆம் வருஷத்து தொடர்பு பல்லூடகச் சட்டம், 126ஆவது பிரிவு. லைசன் இல்லாம நெட்வொர்க் வசதியோ நெட்வொர்க் சேவையோ அப்ளிகேஷன் சேவையோ யாரும் குடுக்கக் கூடாது. இன்டர்நெட் இணைப்பு குடுக்கிறது அந்த அப்ளிகேஷன் சேவையில வருது, அதுக்கு கிளாஸ் லைசன், வருஷா வருஷம் பதிஞ்சு புதுப்பிக்கணும். கோபுரம் நட்டு ஃபைபர் இழுத்து பெரிசா பண்றவங்களுக்கு தனி லைசன், அது செலவு அதிகம், உங்க அளவுக்கு அது தேவைப்படக் கூடாது, ஆனா அதை நானோ நீங்களோ முடிவு பண்ண முடியாது. 2.4லயும் 5.8லயும் ரேடியோ வைக்க அலைவரிசைக்குத் தனியா காசு கட்ட வேணாம், எல்லாருக்கும் பொதுவா குடுத்திருக்கிற கிளாஸ் அசைன்மென்ட்ல வருது, அதை வச்சுக்கிட்டு 'ஃப்ரீ பேண்ட் தானே, லைசனே வேணாம்'னு சொல்றவங்க ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க. அலைவரிசை வேற, சேவை வேற.

ரெண்டாவது, சொந்தக்காரர் வீட்டு ஃபைபர். வீட்டுப் பிளான் எடுத்து 40 வீட்டுக்குப் பிரிச்சு காசு வாங்கினா அது மறுவிற்பனை, ஒப்பந்தத்துல கூடாதுன்னு எழுதியிருக்கும், ஒரு நாள் கண்டுபிடிச்சு வெட்டினா 40 வீடும் ஒண்ணா இருட்டு, அதுவும் அந்த மாமா பேருல இருக்கிற லைன், ஏதாச்சும் வீட்டுலேர்ந்து யாராச்சும் ஆன்லைன்ல ஏமாத்து வேலை பண்ணினா போலீஸ் முதல்ல அவர் கதவைத்தான் தட்டும். அந்த மனுஷனை அதுல நிக்க வைக்காதீங்க. பிஸ்னஸ் பிளான்தான் எடுக்கணும், அதுலயும் பகிர்ந்து குடுக்கிறதுக்கு சம்மதம்னு எழுத்துல வாங்கணும். இல்லன்னா ஏற்கெனவே லைசன் வச்சிருக்கிற சின்ன வயர்லெஸ் கம்பெனி யாராச்சும் உங்க ஏரியாவுக்கு வருவாங்களான்னு பாருங்க, கம்பமும் கரண்டும் வாடிக்கையாளரும் நாங்க தர்றோம், லிங்க்கும் லைசனும் நீங்கன்னு பேசினா அவங்களுக்கும் லாபம்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி, செலவில்லாத ஒரு வேலை. ஜென்டேலான்னு அரசாங்கத்தோட இணைய வசதித் திட்டம் இருக்கு, அதோட மேப்புல உங்க வீட்டு முகவரியைப் போட்டு கவரேஜ் என்ன காட்டுதுன்னு பாருங்க, இல்லாததை இருக்குன்னு காட்டினா அங்கேயே புகார் போடுங்க, ஒவ்வொரு வீடும் தனித்தனியா. எம்பிகேகே (கிராம நிர்வாக மன்றம்) தலைவர்கிட்டயும் சட்டமன்ற உறுப்பினர் ஆபீஸ்லயும் கடிதம் குடுத்து எம்சிஎம்சிக்கு நகல் அனுப்புங்க. 2020ல சபாவுல ஒரு மாணவி லைனுக்காக மரத்துல ஏறி பரீட்சை எழுதினதுக்கு அப்புறம்தான் நாடே பேசுச்சு, அந்த வருஷமேதான் ஜென்டேலாவும் வந்துச்சு. கேக்காத தோட்டத்துக்கு யாரும் தானா வந்து கம்பம் நட மாட்டாங்க.

வானம்77 (பாயான் லெப்பாஸ்):

எதுக்கு இவ்வளவு பாடு? 2023லேர்ந்து ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் நெட் இங்க இருக்கு. மண்டபத்துக் கூரையில ஒண்ணு வச்சா மரம், லைன், கோபுரம் எதுவும் வேணாம். மேல வானம் தொறந்து இருந்தா போதும்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

வானம், மண்டபத்துல பிள்ளைங்க படிக்கிறதுக்கு மட்டும்னா நீங்க சொல்றது நல்ல யோசனைதான், ஆனா வீட்டுப் பிளான எடுத்து 40 வீட்டுக்குக் காசு வாங்கிப் பிரிச்சா நான் மேல சொன்ன அதே பிரச்சினை அப்படியே இருக்கு, லைன் வானத்துலேர்ந்து வந்தாலும் மண்ணுக்குள்ளேர்ந்து வந்தாலும்.

கணக்குவழக்கு அக்கா (பட்டர்வொர்த்):

தம்பி, நான் பத்து வருஷத்துக்கு மேல குடியிருப்பாளர் சங்கத்துல பொருளாளரா இருந்தவ, எங்க தாமான்ல பொது வைஃபை ஒண்ணு நடத்தினோம், அதனால லிங்க் ஏறினதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு சொல்றேன்.

முதல் மூணு மாசம் எல்லாரும் காசு குடுப்பாங்க. நாலாவது மாசம் ஒரு இடி விழும், ரேடியோ போகும், புதுசு வாங்கக் காசு இருக்காது, ஏன்னா வந்த காசையெல்லாம் பில்லுக்குக் கட்டியிருப்பீங்க. 40 வீட்டுக்கு 25 வெள்ளின்னா மாசம் ஆயிரம். அதுல லைன் பில், கரண்டு போக மிச்சத்தைத் தொடாம தனிக் கணக்குல போட்டு வைங்க, டிஷ் ஒண்ணு, ரவுட்டர் ஒண்ணு எப்பவும் பெட்டியில ரெடியா இருக்கணும். வேலை போன வீடு, தனியா இருக்கிற பாட்டி வீடு, அவங்க குடுக்க முடியாத மாசம் எப்படின்னு முன்னாடியே பேசி எழுதிடுங்க. கணக்கை மாசா மாசம் கோயில் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. கோயில் நிர்வாகம் பேருல மட்டும் இதை நடத்தாதீங்க, அடுத்த தேர்தல்ல நிர்வாகம் மாறினா வைஃபைக்கும் சண்டை வரும், தனியா ஒரு குழு வைங்க.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல. 1960ல துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாப் போய் ஆளுக்குப் பத்து வெள்ளியாச் சேர்த்துதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு, வெள்ளைக்காரன் துண்டு துண்டா வித்துட்டுப் போன தோட்டத்தை வேலை செஞ்சவங்களே வாங்குறதுக்கு. பெரியவங்ககிட்ட பேசும்போது இதைச் சொல்லு, அவங்க அப்பா அம்மா யாராச்சும் அந்தப் பத்து வெள்ளி கட்டியிருப்பாங்க. ஸ்பெயின்ல கத்தலோனியாவுல குய்ஃபி நெட்னு (guifi.net) ஒண்ணு, 2004ல கிராமத்துக்காரங்க தங்களோட வீட்டுக் கூரையில ஆண்டெனா வச்சு ஆரம்பிச்சது, யார் எந்தத் துண்டைப் போட்டாலும் எல்லாருக்கும் பொதுன்னு ஒரு விதி எழுதி வச்சதாலதான் பெரிசா வளர்ந்துச்சு. உங்களுக்கும் அந்த மாதிரி ஒரு பக்கத்துல விதி எழுதிக் கையெழுத்து வேணும்.

இன்னொண்ணு, நீ ஒருத்தன் மட்டும் வேலை தெரிஞ்சவனா இருக்காத. நீ நைட் ஷிஃப்ட்ல இருக்கும்போது லைன் போனா யார் பார்க்கிறது? படிவம் நாலு அஞ்சு படிக்கிற பிள்ளைங்க ரெண்டு மூணு பேரைக் கூட வச்சிக்க, பொம்பளப் பிள்ளைங்களையும் சேர்த்து. எங்க தாமான்ல பெட்டியைத் தொறந்தா பாதி நேரம் உள்ள எறும்பு கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டை இருக்கும், ஒரு தடவை பல்லி ஒண்ணு பவர் சாக்கெட்டுல ஒட்டிக் கருகிப் போய்க் கிடந்துச்சு. கேபிள் நுழையிற ஓட்டையை சிலிக்கான் வச்சு அடைச்சு, கேபிளைக் கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்தினா தண்ணியும் உள்ள போகாது. இதைப் பார்க்க இன்ஜினியர் தேவையில்ல, வாரம் ஒரு தடவை யாராச்சும் போய்த் தொறந்து பார்த்தா போதும்.

கோபுரத்தான் (புக்கிட் மெர்த்தாஜாம்):

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. தேனி லிங்க்கை நடத்தினவங்களே பின்னாடி எழுதினது அதுதான், ரேடியோவை விட கரண்டுதான் அதிகமா கவுத்துச்சு, வோல்டேஜ் ஏறி இறங்கி அடாப்டரும் போர்டும் போனது, அப்புறம் உள்ளூர் ஆளுங்களுக்கு வேலை சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம்தான் நின்னுச்சு. அதனால ரேடியோவுக்கு நேரா பிளக்கு குத்தாத, 24 வோல்ட் பேட்டரியும் சார்ஜரும் நடுவுல வை, கரண்டு போனாலும் ஓடும், வோல்டேஜ் ஆட்டமும் ரேடியோவுக்குப் போகாது.

வீடுகளுக்குப் பிரிக்கிறதைப் பத்தி யாரும் பேசல. லயத்து வீடு வரிசையா ஒட்டி இருக்கும், அதுக்கு வீட்டுக்கு வீடு ஆண்டெனா வேணாம். சிலர் செம்புக் கேபிளையே வரிசை முழுக்க இழுப்பாங்க, 100 மீட்டருக்குள்ள நல்லாத்தான் ஓடும், ஆனா எங்கேயோ விழுந்த இடி அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில இருக்கிற எல்லா வீட்டு ரவுட்டரையும் சுட்டுட்டுப் போயிடும். வரிசைக்கு வரிசை ஃபைபர் டிராப் கேபிள் போடு, கண்ணாடியில இடி ஏறாது, ஆனா உள்ள இழுவைக்கு இரும்புக் கம்பி இல்லாத ரகமா கேட்டு வாங்கு. ரெண்டு முனையும் போட்டே வர்ற கேபிள் கிடைக்கும், ஃபைபரை ஒட்டுற ஸ்ப்ளைஸ் மெஷின் வேணாம். வரிசை முனையில ஒரு சின்ன சுவிட்ச் வச்சு, அங்கேருந்து அந்த வரிசைக்கு மட்டும் செம்பு.

மண்டபத்துல மைக்ரோடிக் ரவுட்டர் ஒண்ணு, வீட்டுக்கு ஒரு விலேன், அதாவது ஒரே கேபிள்ல தனித்தனியாப் பிரிச்ச நெட்வொர்க், ஒரு வீட்டு போன் இன்னொரு வீட்டு டிவியைப் பார்க்கக் கூடாது. 150 எம்பிபிஎஸ் 40 வீட்டுக்குப் பத்துமான்னு கேப்பே. எச்டி படம் ஒண்ணுக்கு 5 எம்பிபிஎஸ், ராத்திரி எட்டு மணிக்கு 20 வீடு ஒரே நேரத்துல பார்த்தா 100. பத்தும். ஆனா ஒரு பையன் கேம் டவுன்லோட் போட்டா எல்லாருக்கும் இழுத்துக்கும், அதுக்குத்தான் மைக்ரோடிக்கோட ரவுட்டர் ஓஎஸ் 7 மென்பொருள்ல கேக்னு (CAKE) ஒரு கியூ, அதாவது வரிசைப்படுத்துற முறை இருக்கு, மொத்த வேகத்தைவிட கொஞ்சம் கீழ வரம்பு வச்சு அதைப் போட்டுட்டா வீட்டுக்கு வீடு சமமாப் பிரிச்சுக் குடுக்கும், ஆன்லைன் டியூஷன்ல டீச்சர் குரல் வெட்டாது.

செம்பனைநிழல் (நிபோங் திபால்):

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கல. நேத்து சாயங்காலம் போய் பிளாக் போர்டெல்லாம் படிச்சேன். லைன்ல மூணு பிளாக் வருது, ரெண்டு 2001ல நட்டது, கிராணி மறுநடவு பட்டியல்ல இருக்குன்னு சொன்னாரு. மூணாவது 2014, அது தாமான் பக்கம் ஓரமா. பால்மரம் லைன்ல வரல. உயரத்துக்கு பழைய தண்ணித் தொட்டி இருக்கு, இரும்புக் கால், மேல ஏணி இருக்கு, ஆனா அது தோட்டக் கம்பெனி சொத்து, மேனேஜருக்குக் கடிதம் எழுதப் போறேன். ஜென்டேலா புகார் ஒன்பது வீட்டுக்குப் போட்டாச்சு, மிச்சம் இந்த வாரம். எம்சிஎம்சிக்கு எங்க நிலைமையை எழுதி எந்த லைசன் வரும்னு கேட்டு அனுப்புறேன், பதில் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் காசு வாங்குறதில்லன்னு முடிவு.

ஒரு கேள்வி மட்டும். தொட்டி மேல வச்சா இடிக்கு அதுதான் முதல் இலக்கு. இடி மின்சாரத்தைத் தடுக்கிற சர்ஜ் புரொடெக்டரை மேல ரேடியோகிட்ட வைக்கணுமா, கீழ பெட்டிகிட்டயா? தொட்டியோட இரும்புக் காலையே எர்த்தா எடுத்துக்கலாமா?

கோபுரத்தான் (புக்கிட் மெர்த்தாஜாம்):

ரெண்டு பக்கமும். மேல ரேடியோவுக்குக் கீழ ஒண்ணு, கீழ கேபிள் பெட்டிக்குள்ள நுழையிற இடத்துல ஒண்ணு, கேபிள் ஷீல்டு போட்ட வெளிப்புற ரகம். இரும்புக் காலை நம்பாத, பழைய தொட்டி கான்கிரீட் மேல நிக்கும், போல்ட்டு துருப்பிடிச்சிருக்கும். தனியா செம்புக் கம்பி மண்ணுல அடிச்சு, அதையும் தொட்டிக் காலையும் பெட்டி எர்த்தையும் தடிமனான கம்பியால ஒண்ணாக் கட்டு, தனித்தனியா விட்டா அதுங்களுக்கு நடுவுலதான் கரண்டு பாயும். உன்கிட்ட மல்டிமீட்டர்தான் இருக்கு, எர்த் அளக்க அது பத்தாது, என்கிட்ட எர்த் டெஸ்டர் இருக்கு. டிஷ் ஆண்டெனாவைத் தொட்டி உச்சிக்கு மேல நீட்டாத, உச்சியில இடிதாங்கிக் கம்பி நிக்கட்டும், டிஷ் அதுக்குக் கீழ பக்கவாட்டுல.

2014 பிளாக்தான் எனக்கு உறுத்துது. தாமான் பக்கம் ஓரமா இருக்குன்னா அங்க வெள்ளரிக்காய் ஒல்லியா இருக்கும், ஆனா கோடும் தாழ்வா வரும். மேனேஜர் சம்மதிச்சதும் ஏணியில ஏறி தாமான் பக்கம் பார்த்து ஜூம் பண்ணி ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடு, பெல்ட் போடாம ஏறாத. மாமா வீட்டு மாடியில அதுக்கு மேல 3 மீட்டர் கம்பம் நிறுத்த முடியுமான்னும் கேட்டு வை. ஃபோட்டோ பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல நான் டெஸ்டரும் ஒரு ஜோடி பழைய டிஷ்ஷும் எடுத்துக்கிட்டு வர்றேன், வாங்குறதுக்கு முன்னாடி வச்சே பார்த்துடலாம்.